தோட்டா உட்காரும் அறை

"அளவை மட்டும் சொல்லுங்க மாஸ்டர். வெட்டறது என் பொறுப்பு."

வெள்ளிங்கிரி இதைச் சொன்னபோது ஹசீனா இடது கையால் டீ குடித்துக்கொண்டிருந்தார். வலது கை முழங்கைவரை மாவுக்கட்டில் இருந்தது. உக்கடம் சிக்னலில் ஸ்கூட்டர் சறுக்கியதன் பலன்.

"எந்த அளவுங்கண்ணா?"

"சேம்பர் அளவுங்க."

மேசைமேல், வெல்வெட் துணியில், துப்பாக்கிக்கான ஒரு புதிய பேரல் கிடந்தது. ஜெர்மனியிலிருந்து வந்தது. காகிதங்களெல்லாம் சரியாகி, சுங்கத்தைத் தாண்டி, கோயம்புத்தூர் வந்து சேர ஒரு வருடம் பிடித்திருந்தது.

சேம்பர் என்பது பேரலின் பின்வாயில் தோட்டா போய் உட்காரும் சின்ன அறை. சுண்டுவிரல் நுனி அதில் நுழையாது. அந்த அறையை வெட்டாதவரை பேரல் வெறும் குழாய். தப்பாக வெட்டினாலும் வெறும் குழாய்தான்.

ஹசீனா டீயைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியாதே."

வெள்ளிங்கிரிக்குச் சுருக்கென்றது.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பீளமேட்டில் ஒரு டூல் ரூமில் அளவுமானிகள் செய்தே தலை நரைத்தவர். வரைபடம் வரும், அதில் எண் இருக்கும், அந்த எண்ணுக்குச் செய்து கொடுப்பார். எண் இல்லாத வேலையை அவர் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்றபின் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒருநாள் ஹசீனாவின் துப்பாக்கிப் பட்டறைக்கு ஒரு ரீமரைச் சாணை பிடித்துக் கொடுக்க வந்தார். ரீமர் என்பது சேம்பரைக் குடையும் வெட்டுக் கருவி. ஹசீனா ஒரு பேரலுக்குள் பென்சில் கனத்தில் கேமராவை விட்டுத் திரையில் காட்டினார்.

உள்ளே ஆறு வரிகள். ஒன்றையொன்று தொடாமல், ஒன்றையொன்று விலகாமல், குன்னூர் மலை ரயில் குகைக்குள் நுழைவதுபோல் திருகிக்கொண்டே இருட்டுக்குள் போயின.

"இதுக்குள்ளேதாங்களா குண்டு போகுது?"

"இதைப் பிடிச்சுச் சுத்திக்கிட்டே போகும்."

வெள்ளிங்கிரி வெகுநேரம் திரையை விட்டு நகரவில்லை. மறுநாள் டிபன் பாக்ஸோடு வந்து நின்றார்.

அன்றிலிருந்து முப்பத்தேழு வயது ஹசீனாவை அவர் மாஸ்டர் என்கிறார். ஹசீனா அவரை அண்ணா என்கிறார். லைசென்ஸ் ஹசீனாவின் பெயரில், ஸ்டூல் வெள்ளிங்கிரியின் பெயரில் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி செய்தார்கள். இரண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை.

இப்போது மாஸ்டருக்குக் கை இல்லை. வெட்ட வேண்டியவர் வெள்ளிங்கிரி. வெட்ட வேண்டியது மரகதவல்லியின் பேரல்.

மரகதவல்லி போத்தனூரில் ரயில்வே டிக்கெட் பரிசோதகர். படுத்துச் சுடும் ஐம்பது மீட்டர் போட்டிக்காரர். போன முறை இந்திய அணிக்கான தேர்வில் ஒரு முழுப் புள்ளிகூட இல்லை, புள்ளியின் சிறு பின்னத்தில் இடத்தைத் தவறவிட்டார். பழைய பேரல் தேய்ந்துவிட்டது. அடுத்த தேர்வு ஜனவரியில், டெல்லியில். இதற்குமேல் சிறப்பு விடுப்பு கிடையாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

ஒரு பேரல். ஒரு தேர்வு.

"தெரியாதுன்னா எப்படிங்க மாஸ்டர்? இதுவரைக்கும் எத்தனை வெட்டியிருக்கீங்க!"

"வெட்டியிருக்கேன்."

"அப்போ?"

ஹசீனா கொஞ்சம் யோசித்தார்.

"ஞாயித்துக்கிழமை ரேஞ்சுக்குப் போங்க. சுடறவங்ககிட்ட உங்க சேம்பர் எப்படி இருக்குன்னு கேளுங்க. யாரோடது நல்ல சேம்பர்னு வந்து சொல்லுங்க."

*

வெள்ளிங்கிரி போனார். வெயில் ஏறும்வரை ஒவ்வொருவராகக் கேட்டார்.

"செம டைட் அங்கிள்," என்றான் ஒரு கல்லூரி மாணவன். "தோட்டாவைக் கவ்விப் பிடிச்சுக்கும். அதான் கெத்து."

"நெய் தடவின மாதிரி போகுதுங்க," என்றார் ஒரு பல் மருத்துவர். "ஒவ்வொரு தடவையும் ரசிச்சுப் போடுவேன்."

ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர் சிரித்தார். "கொஞ்சம் முரண்டு பிடிக்கும். உள்ளங்கையால ஒரு தட்டு. அடங்கிடும். நம்ம வீட்டு ஃபிரிட்ஜ் கதவு மாதிரி."

இப்படிப் பத்துப் பேர். பத்துப் பேரும் தங்கள் சேம்பரைப் பற்றி நிறையப் பேசினார்கள். மல்யுத்தம் பார்த்தவர்கள்போலக் கையை ஆட்டிப் பேசினார்கள்.

திங்கட்கிழமை வெள்ளிங்கிரி எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

ஹசீனா கடைசிவரை கேட்டார்.

"பாவம்," என்றார். "ஒருத்தருக்குக்கூட நல்லதா அமையலையே."

"பல் டாக்டருக்குமாங்க? நெய் மாதிரின்னாரே?"

"அவருக்கும்தான்."

*

மாலையில் அவர் மனசில் இருந்ததைக் கொட்டினார்.

"மாஸ்டர், நான் படிக்காதவனில்லைங்க. டிப்ளமா. இடைவெளி குறைஞ்சா ஆட்டம் குறையும். ஆட்டம் குறைஞ்சா குண்டு நேராப் போகும். இவ்வளவுதானுங்களே? தோட்டாவை அளந்துட்டேன். அதுக்குச் சட்டை தைச்ச மாதிரி வெட்டிடறேன். ஆழத்தையும் குறைச்சுடறேன். குண்டோட மூக்கு வரியிலே கடிச்சு நிக்கணும்."

ஆழம்தான் சிக்கல். அறையின் ஆழம் குறைந்தால் தோட்டாவை உள்ளே தள்ளும்போதே அதன் முனையில் இருக்கும் குண்டின் மூக்கு வரிகளில் பதியும். ஆழம் கூடினால், சுட்டதும் குண்டு சிறிது தூரம் வெறுமையில் தாவித்தான் வரிகளைப் பிடிக்கும். தாவும்போது சாய்ந்தும் பிடிக்கலாம்.

ஹசீனா மறுக்கவில்லை. மூலையில் சாத்தியிருந்த மரகதவல்லியின் பழைய பேரலைக் காட்டினார்.

"அதோட தேய்ஞ்ச பின்பக்கத்தை அறுத்துட்டு, புதுசா வெட்டிப் பாருங்க. ஜனவரிவரைக்கும் அது தாங்காது, சோதனைக்குத் தாங்கும். உங்க மனசுக்குப் பட்ட மாதிரியே."

வெள்ளிங்கிரி இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். வெட்டினார். துடைத்தார். கேமராவை விட்டுப் பார்த்தார். அறையின் சுவர் தண்ணீர் தேங்கியதுபோல் மின்னியது. அது முடிந்து வரிகள் தொடங்கும் இடத்தில் ஒரு பிசிறு இல்லை.

ஹசீனாவும் பார்த்தார்.

"அழகு," என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து வெள்ளிங்கிரி கேட்டதில்லை.

*

ரேஞ்சில் முதலில் துப்பாக்கியை மேசைக் கவ்வியில் பூட்டினார்கள். மரகதவல்லி விசையை மட்டும் தொட்டார்.

பத்துத் தோட்டா.

வெள்ளிங்கிரி தொலைநோக்கியில் பார்த்தார். அட்டையில் ஒரே ஒரு துளை. மற்ற ஒன்பதும் எங்கே என்று தேடினார். ஒன்பதும் அதற்குள்தான் போயிருந்தன.

ஐம்பது மீட்டர். பத்துத் தடவை. ஒரே வாசல்.

"அங்கிள்!" என்றார் மரகதவல்லி.

வெள்ளிங்கிரி ஹசீனாவைத் திரும்பிப் பார்த்தார். சொன்னேன் அல்லவா என்கிற பார்வை. ஹசீனா கட்டுப்போட்ட கையைச் சொறிய முடியாமல் கட்டின்மேல் தட்டிக்கொண்டிருந்தார்.

"இப்போ கவ்வியிலிருந்து எடுத்துப் படுத்துச் சுடட்டும்," என்றார்.

மரகதவல்லி பாயில் படுத்தார். துப்பாக்கியிலிருந்து வரும் தோல் வாரை இடது புயத்தில் மாட்டி இறுக்கினார். கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதித்தார்.

முதல் சில தோட்டாக்கள் நடுவில் விழுந்தன. பிறகு ஒன்று வலது பக்கம் எட்டிப் பார்த்தது. இன்னொன்று மேலே. இருபதைத் தாண்டியபின் அட்டை, சோளப்பொரி சிதறியதுபோல் ஆகிவிட்டது.

வெள்ளிங்கிரி ஓடினார். ஸ்க்ரூக்களைத் தொட்டுப் பார்த்தார். குறிபார்க்கும் வளையத்தை ஆட்டிப் பார்த்தார். காற்றுக் கொடி அசையவில்லை. மறுபடி கவ்வியில் பூட்டினார்கள். மறுபடி ஒரே துளை.

மரகதவல்லி எழுந்து உட்கார்ந்தார். முகம் சிறுத்துவிட்டது.

"துப்பாக்கி நல்லாதானே இருக்கு. நான்தான் அங்கிள். எனக்குத்தான் முடியலை. போன தடவையும் நான்தான்."

"இன்னொரு பத்து போடு மரகதம்," என்றார் ஹசீனா. பிறகு வெள்ளிங்கிரியிடம் திரும்பினார்.

"தொலைநோக்கியைக் கீழே வைங்கண்ணா."

"அட்டையைப் பாக்கணுங்களே."

"அட்டையைப் பாத்தாச்சு. துப்பாக்கியையும் பாத்தாச்சு. அவ கையைப் பாருங்க."

வெள்ளிங்கிரி பாய்க்குப் பக்கத்தில் குந்தினார்.

மரகதவல்லி தோட்டாவை வைத்து, போல்ட்டைத் தள்ளினார். பேரலின் பின்வாயை அடைக்கும் இரும்புத் தாழ் அது. பாதிவரை ஓடியது. பிறகு நின்றது. குண்டின் மூக்கு வரிகளில் கடித்த இடம். கட்டைவிரல் வெளுத்தது. ஒரு தம் பிடித்து அழுத்தினார். போல்ட் உட்கார்ந்தது.

அந்த அழுத்தத்தில் கன்னம் கட்டையை விட்டு ஒரு காகிதக் கனம் எழுந்து மறுபடி படிந்தது. தரையில் ஊன்றிய இடது முழங்கை தோலுக்குள்ளேயே கடுகளவு நகர்ந்தது. நகர்ந்தது அவருக்கே தெரியவில்லை.

சுட்டார். அடுத்தது. மறுபடி ஒரு தம். மறுபடி ஒரு கடுகு.

வெள்ளிங்கிரி பத்துத் தோட்டா முடியும்வரை அந்தக் கட்டைவிரலையே பார்த்தார். தான் வெட்டிய அழகான அறை அந்தப் பெண்ணை ஒவ்வொரு தடவையும் தோளில் இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது.

எழுந்தபோது முட்டி வலித்தது. அதை அவர் வெளியே சொல்லவில்லை.

*

"ஆழமா வெட்டணுங்க," என்றார் பட்டறைக்கு வந்ததும். "புதுப் பேரல்ல ஆழம் கூடணும். இப்பவாவது எவ்வளவுன்னு சொல்லுங்க."

ஹசீனா மாவுக்கட்டைத் தூக்கி அவர் முகத்துக்கு நேராகக் காட்டினார்.

"இந்தக் கைக்குன்னா சொல்லிடுவேன்."

கைப்பையை எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கு எனக்கு ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே. மரகதத்துக்கு லீவுதான். என்னோட ரீமர் அலமாரியில இருக்கு."

"மாஸ்டர், ஆழம் கூடிப்போச்சுன்னா திரும்பக் கொண்டுவர முடியாதுங்க. இந்தப் பேரல்ல பின்பக்கம் அறுக்கறதுக்கு மிச்சம் விட்டு அனுப்பலை."

"தெரியும்."

"அவளுக்கு வேற பேரலும் இல்லைங்க."

"அதுவும் தெரியும்," என்று ஹசீனா படி இறங்கிவிட்டார்.

*

மறுநாள் காலையில் மரகதவல்லி வந்தபோது பட்டறைத் தரையைக் கூட்டிக் கழுவி அவருடைய பாயை விரித்திருந்தது. சுவரோரம் மணல் மூட்டை. அதைப் பார்த்தபடி துப்பாக்கி. போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின்னைக் கழற்றி வெள்ளிங்கிரி மேசைமேல் வைத்திருந்தார். இனி அது மூடும், திறக்கும், சுடாது.

"படு கண்ணு."

"இங்கேயாங்க அங்கிள்?"

"இங்கேதான். வாரை மாட்டிக்க. போட்டியில படுக்கற மாதிரியே. கண்ணை மூடிக்க."

"தூங்கிட்டேன்னா?"

"குறட்டை சத்தம் வந்தா எழுப்பறேன். எனக்கு வீட்டுல அந்த அனுபவம் இருக்கு."

மரகதவல்லி சிரித்தார். கண்ணை மூடினார்.

வெள்ளிங்கிரி ரீமரில் எண்ணெய் தடவி, கையாலேயே திருகினார். இயந்திரத்தை நம்பவில்லை. முதலில் அறை குண்டைக் கடித்துப் பிடிக்கும் ஆழம் மட்டும். சீவல்களைத் துடைத்தார். பேரலைத் துப்பாக்கியில் மாட்டினார். மரகதவல்லியின் கையில் ஒரு தோட்டாவைக் கொடுத்தார்.

"போடு. மூடு. என்ன தெரியுது?"

"இடிக்குது."

கழற்றினார். பத்து மைக்ரான். நம் தலைமுடியின் கனத்தில் ஏழில் ஒரு பங்கு இருக்கும். மாட்டினார்.

"இப்போ?"

"இடிக்குது. கொஞ்சம் தள்ளி."

கழற்றினார். இன்னொரு பத்து. மாட்டினார்.

"இப்போ?"

"உரசுது. இடிக்கலை."

இப்படியே போனது. பதினோரு மணி டீயைக் கொண்டுவந்த கடைக்காரர், கண்ணை மூடித் துப்பாக்கியோடு தரையில் படுத்திருந்த பெண்ணையும், பக்கத்தில் குந்தியிருந்த பெரியவரையும் பார்த்துவிட்டு, டம்ளர்களை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்.

ஒவ்வொரு முறையும் மரகதவல்லி ஏதாவது ஒரு வித்தியாசம் சொன்னார். உரசுது. முனை மட்டும் உரசுது. முனையும் இல்லை, ஆனா கடைசியில ஒரு நெருடல்.

வெள்ளிங்கிரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பத்து மைக்ரானை ஒரு கட்டைவிரல் உணருமா? அவ்வளவு நுணுக்கமான அளவுக்கு அவர் வாழ்நாளெல்லாம் கண்ணாடிப் பெட்டியில் வைத்த கருவிகளை நம்பியவர். பாவம், நம்மைத் திருப்திப்படுத்த ஏதோ சொல்கிறது என்று நினைத்தார்.

பேரலைக் கழற்றினார். ரீமரை எடுத்து, உள்ளே விடாமல், விளிம்பில் உரசிச் சத்தம் மட்டும் காட்டினார். துடைப்பதுபோல் துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"இப்போ?"

போல்ட் மூடியது. மரகதவல்லி திறந்து இன்னொரு முறை மூடினார். மூடிய கண்ணுக்குமேல் புருவம் சுருங்கியது.

"அங்கிள்."

"சொல்லு கண்ணு."

"நீங்க ஒண்ணுமே வெட்டலையே?"

வெள்ளிங்கிரி ரீமரை மேசைமேல் வைத்தார்.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். டிக்கெட் வாங்கிப் பார்க்கிற கை. நகத்தில் பழைய மருதாணி. இப்படி ஓர் அளவுமானியை அவர் செய்ததுமில்லை, பார்த்ததுமில்லை.

"இல்லை கண்ணு," என்றார். "வெட்டலை. தப்பு என்னோடது."

*

மதியத்துக்கு முன் அது வந்தது.

"இப்போ தெரியலை," என்றார் மரகதவல்லி.

"நல்லாப் பாரு."

"தெரியலை அங்கிள். சும்மா போகுது."

வெள்ளிங்கிரி அளந்தார். எண்ணைப் பார்த்தார். நல்ல எண். குண்டின் மூக்கு வரிகளைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் இடம். டூல் ரூமில் இருந்திருந்தால் இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பார்.

ரீமரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். பெட்டியை மூடப் போனவர் நின்றார்.

மரகதவல்லி பாயிலேயே முழங்கையை ஊன்றிப் படுத்து, ஆறிய டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் கவலை இல்லை. வெளியே எங்கோ தேங்காய் உடைக்கிற சத்தம்.

"கண்ணு, அங்கே எப்படி இருக்கும்?"

"எங்கே?"

"டெல்லியில. ஜனவரியில."

மரகதவல்லி டம்ளரைக் கீழே வைத்தார்.

"குளிர் அங்கிள். விரல் நம்மோடதான்னு சந்தேகமா இருக்கும். தோட்டாவுல மெழுகு தடவியிருக்கும் பாருங்க, அது கல்லு மாதிரி ஆயிடும். அறுபதுல முதல் அம்பது பரவாயில்லை. கடைசிப் பத்து வரும்போது..."

"வரும்போது?"

"நெஞ்சு அடிக்கிறது காதுல கேக்கும். ஸ்கோரைக் கூட்டிப் பாக்கக்கூடாதுன்னு இருப்பேன். மனசு தானாக் கூட்டிடும். போன தடவை கூட்டிடுச்சு. அதுக்கப்புறம் எல்லாமே பெருசாத் தெரிஞ்சுது. பக்கத்துல ஒருத்தர் செருமினதுகூட."

வெள்ளிங்கிரி பெட்டியை மூடவில்லை.

ஒரு கைப்பிடித் தோட்டாவை எடுத்துப் போய்ப் பட்டறையின் குட்டி ஃபிரிட்ஜில் வைத்தார். ஐஸ் தட்டைக் கொண்டுவந்து ஒரு கிண்ணத்தில் கொட்டினார்.

"கையை இதுல வை."

"அங்கிள்!"

"வை கண்ணு. அப்புறம் மொட்டை மாடிவரைக்கும் ஏறி இறங்கு. ஓடணும். நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

"வேட்டு வைக்கிறீங்களே அங்கிள்," என்றார் மரகதவல்லி. ஆனால் ஓடினார்.

கட்டடத்தில் குடியிருப்பவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் மாடி அம்மா, யாராவது துரத்துகிறார்களா என்று கேட்டார். மூச்சு இரைக்க, முகம் சிவக்க, உதறும் விரல்களோடு மரகதவல்லி பாயில் வந்து விழுந்தார்.

"கண்ணை மூடு. போடு. மூடு."

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தோட்டா. போல்ட் போனது. கடைசியில், இருந்ததா இல்லையா என்கிற அளவில், ஒரு தயக்கம்.

மரகதவல்லி கண்ணைத் திறந்துவிட்டார்.

"தெரியுது அங்கிள்."

"எனக்கும் தெரியுது," என்றார் வெள்ளிங்கிரி.

அவர் பேரலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். இதற்குமேல் வெட்டினால் குண்டு தாவும். கவ்வியில் பூட்டினால் அந்த ஒரே துளை இனி வராது. தன் கையாலேயே ஒரு நல்ல எண்ணைக் கெடுப்பது. வாழ்நாளில் செய்யாத காரியம்.

ரீமரில் எண்ணெய் தடவினார்.

*

சாயங்காலம் ஹசீனா வந்து ஃபிரிட்ஜைத் திறந்தார்.

"அண்ணா, தயிருக்குப் பக்கத்துல தோட்டா எதுக்கு?"

மேசையில் அன்று மதியம் ரேஞ்சில் கவ்வியில் பூட்டிச் சுட்ட அட்டை இருந்தது. ஹசீனா அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

ஒரு துளை இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாகப் பத்து விளிம்புகள், மூக்குத்திக் கற்கள்போலச் சேர்ந்திருந்தன.

"பழைய பேரல்ல வந்ததைவிடப் பெருசா இருக்கே."

"ஆமாங்க."

"தெரியாமப் போயிடுச்சா?"

"தெரிஞ்சேதானுங்க மாஸ்டர்."

ஹசீனா அட்டையைக் கீழே வைத்தார். தயிரைப் பார்த்தார். கிண்ணத்தில் உருகிக் கிடந்த ஐஸ் தண்ணீரைப் பார்த்தார். படியிலிருந்து உள்ளே வந்த புழுதிக் கால்தடங்களைப் பார்த்தார்.

"எத்தனை மாடி?"

"மூணுங்க. மொட்டை மாடியோட."

மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன எஃகு அச்சை எடுத்தார். சேம்பர் வெட்டியவர், பேரலின் அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில், தன் முதல் எழுத்தை அடிப்பது அந்தப் பட்டறை வழக்கம். இத்தனை நாளும் அங்கே 'ஹ' மட்டும்தான் விழுந்திருக்கிறது. இது 'வெ'.

எப்போது செய்து வைத்தார் என்று வெள்ளிங்கிரிக்குத் தெரியவில்லை.

"அடிங்கண்ணா."

வெள்ளிங்கிரி அச்சை வாங்கி உள்ளங்கையில் உருட்டினார். திருப்பிக் கொடுத்தார்.

"இருக்கட்டுங்க மாஸ்டர். நல்லதான்னு இன்னும் எனக்குத் தெரியாது. அவ போயிட்டு வரட்டும்."

ஹசீனா அச்சை மேசைமேலேயே வைத்தார். இழுப்பறைக்குள் போடவில்லை.

*

ஜனவரி கடைசி வாரம் மரகதவல்லி வந்தார். ஒரு தோளில் துப்பாக்கிப் பெட்டி, கையில் சோன் பப்டி டப்பா. குளிரில் உதடு வெடித்திருந்தது.

அணியில் மூன்று பேர். மூன்றாவது பெயர் அவருடையது.

ஹசீனா அவரைக் கட்டிக்கொண்டார். கட்டுப் பிரித்த வலது கை இன்னும் மெலிந்திருந்தது. பக்கத்துக் கடைக்காரர்களுக்குச் சோன் பப்டி போனது. சட்டையெல்லாம் சோன் பப்டி.

வெள்ளிங்கிரி தன் பங்கைத் தின்னாமல் கையில் வைத்திருந்தார்.

"கடைசிப் பத்து எப்படிப் போச்சு கண்ணு?"

மரகதவல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயோ, கேக்காதீங்க. பனி விலகவே இல்லை. அட்டை பாலுக்குள்ள மிதக்கிற மாதிரி இருந்துது. வலது பக்கத்துக் கொடி தூக்குது, இடது பக்கம் தொங்குது. அம்பத்திரண்டாவதுல மூக்கு அரிச்சுது. சொறிஞ்சா போச்சு. விட்டுட்டேன். அம்பத்தஞ்சுல மனசு கூட்ட ஆரம்பிச்சுது. கூட்டட்டும்னு அதையும் விட்டுட்டேன். என் மூச்சு, அட்டை, என் மூச்சு, அட்டை. வேற எதுவுமே இல்லை. திடீர்னு பாத்தா தோட்டாப் பெட்டி காலி. முடிஞ்சுதான்னு நடுவர்கிட்ட நானே கேட்டேன்."

வெள்ளிங்கிரி காத்திருந்தார். மரகதவல்லி பனியைப் பற்றிச் சொன்னார். நடுவரின் சிவப்புக் குல்லாவைப் பற்றிச் சொன்னார். ஓட்டலில் கொடுத்த சாம்பாரைப் பற்றிச் சொன்னார்.

வெள்ளிங்கிரி பொறுக்க முடியாமல் கேட்டார்.

"போல்ட்டு எப்படி கண்ணு இருந்துச்சு? கடைசிப் பத்துல. சேம்பர் எப்படி?"

மரகதவல்லி வாயைத் திறந்தார். மூடினார். தன் வலது கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார், அங்கே ஏதாவது எழுதியிருக்கிறதா என்பதுபோல.

"போல்ட்டா?" என்றார்.

ஹசீனா எழுந்துபோய்ச் சுத்தியலை எடுத்துவந்து, மேசைமேல் இன்னும் காத்துக் கிடந்த 'வெ' அச்சுக்குப் பக்கத்தில் வைத்தார்.